பொதுப் பாத்தியம்

பாகப் பத்திரங்களைப் படிப்பதில் எனக்குக் கொஞ்சம் ருசி உண்டு. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதைவிட நல்ல படிப்பு கிடைப்பது துர்லபம். தென்னை மரம் யாருக்கு, மாட்டுக் கொட்டகை யாருக்கு, கொல்லைக் கதவின் சாவி யாரிடம் என்று அங்குலம் அங்குலமாகப் பிரித்துக்கொண்டே போகிற பத்திரம், கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சற்றுத் தயங்கி நிற்கும். "நடையும் கிணறும் இரு பாகஸ்தர்களுக்கும் பொதுப் பாத்தியம்" என்கிற மாதிரி ஒரு வாக்கியம் வரும். முகம் பார்த்துப் பேசாமல் பிரிகிற அண்ணன் தம்பிகள்கூட, கிணற்றை நடுவில் அறுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டுவிடுகிற இடம் அது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பத்திரம் 2009ஆம் வருஷத்தில் எழுதப்பட்டது. வீடு கும்பகோணத்தில், பாட்டனார் கட்டியது, சுண்ணாம்புக் காரையும் செங்கல்லுமாக ஒன்றரை அடிச் சுவர்கள். மாடி அண்ணாவுக்கு, கீழ்க்கட்டு எனக்கு, திண்ணையும் முற்றமும் கிணறும் பொது. அண்ணாவுக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் இல்லை. இரண்டு அடுப்பானால் இரண்டு குடும்பமும் சௌக்கியமாக இருக்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அது ஓரளவு வாஸ்தவமாகவும் இருந்தது. மின்சார மீட்டர் இரண்டு, காஸ் சிலிண்டர் இரண்டு, பத்திரிகைகூட இரண்டு. கிணற்றுக்கு மோட்டார் போட்ட பிறகு அதற்கு யார் எப்போது சுவிட்ச் போடுவது என்பதில் மட்டும் அவ்வப்போது சில பாத்திரங்கள் சற்று உரக்கச் சப்தமிடும்.

அந்தப் பத்திரத்தை எழுதிய மனுஷ்யர் மெத்த அனுபவசாலி. ஆனாலும் கூடத்துச் சுவரில், அப்பாவின் படத்துக்குக் கீழே, நாலைந்து பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டு ஒரு வெள்ளைப் பெட்டி வந்து உட்காரும் என்பதும், இரண்டு அடுப்புக் குடும்பம் அதன் பொருட்டு மறுபடி ஒரே குடும்பமாகும் என்பதும் அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. ஒரே பிராட்பேண்ட் இணைப்பை ஒரு வீட்டிலுள்ள பல கம்ப்யூட்டர்கள் பங்கிட்டுக்கொள்வது எப்படி என்பதைத்தான் இந்த மாதம் எழுத உத்தேசம். இது யந்திர சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் குடும்ப சமாசாரந்தான் அதிகம்.

நம் நாட்டில் பொதுஜனங்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995ஆம் வருஷம் ஆகஸ்டு 15ந் தேதி. அப்போதெல்லாம் டெலிபோன் கம்பி வழியாக எண்ணைச் சுழற்றிக் கூப்பிட வேண்டும். மோடம் என்ற பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு இணையும். இணைந்திருக்கும் நேரமெல்லாம் வீட்டு டெலிபோன் ஊமை. ஒரு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலே அதிசயமாக இருந்த காலம். ஆகவே பங்கீடு என்ற பேச்சே எழவில்லை. 1999இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் முதன்முதலாக, ஒரு கம்ப்யூட்டர் தன் இணைப்பை மற்றதற்கும் கொடுக்கலாம் என்று ஒரு வசதி செய்தார்கள். அதிலே ஒரு தொல்லை: கொடுக்கிற கம்ப்யூட்டர் விழித்திருந்தால்தான் வாங்குகிறது பிழைக்கும். வீட்டுப் பெரியவர் தூங்கிவிட்டால் சின்னவர்களுக்குச் சாப்பாடு இல்லை என்பது போல.

என்னைப் போன்றவர்கள் பங்கீட்டை முதலில் கண்டது பிரௌசிங் சென்டர்களிலேதான். பலகைத் தடுப்புக்களுக்கு நடுவே எட்டோ பத்தோ கம்ப்யூட்டர்கள். அத்தனைக்கும் பின்னால் ஒரே கம்பி. பக்கத்துத் தடுப்பில் ஒருவர் பரீட்சை முடிவு பார்க்க உட்கார்ந்தால் நம்முடைய கடிதம் பாதியில் நிற்கும். யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை. கடைக்காரப் பையனைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து முறைப்பார்கள்.

பிறகு பிராட்பேண்ட் வந்தது. 2004இல் அரசாங்கம் வகுத்த கொள்கையில், வினாடிக்கு 256 கிலோபிட் வந்தால் அதற்கே பிராட்பேண்ட் என்று பெயர். இன்றைக்கு அதைச் சொன்னால் குழந்தைகள் சிரிக்கும். 2023இலிருந்து குறைந்த பட்சம் 2 மெகாபிட் இருந்தாலொழிய அந்தப் பெயர் சொல்லக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய எட்டு மடங்கு. அந்த 256ஐ வைத்துக்கொண்டே ஒரு வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்களை ஓட்டியவர்கள் நம்மில் அநேகர். மோடத்தோடு ரௌட்டர் என்ற பெட்டியும் சேர்ந்து வந்ததுதான் காரணம். அது தூங்காத பெரியவர்.

இந்த ரௌட்டர் செய்கிற காரியத்தைச் சற்றுக் கவனித்தால், நம்முடைய கூட்டுக் குடும்பத்தை நேரில் பார்த்து யாரோ எழுதி வைத்தது போலிருக்கிறது.

தபால்காரருக்கு வேண்டியது கதவு எண். உள்ளே எத்தனை பேர் என்பது அவருக்கு அவசியமில்லை. வீட்டுக்குள்ளேயோ கதவு எண்ணால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அண்ணா, அண்ணி, அம்மா, பாப்பா என்று கூப்பிட்டுக்கொள்கிறோம். "அண்ணா" என்பது எங்கள் வீட்டில் ஒருவரைக் குறிக்கும்; எதிர்வீட்டில் வேறொருவரைக் குறிக்கும். அதனால் ஒரு குழப்பமும் இல்லை. ஏனென்றால் அந்தப் பெயர் வாசற்படிக்கு உள்ளேதான் செல்லும். நடுத்தெருவில் நின்று, "அண்ணாவுக்குத் தபால்!" என்று கூவினால் எந்த அண்ணா?

கம்ப்யூட்டர்களிலும் அப்படியே. 192.168 என்று தொடங்குகிற எண்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும், என் வீட்டிலும் இருக்கும். 1996இல் இந்த எண்களையும் இன்னும் இரண்டு தொகுதிகளையும் வீட்டுக்குள் மட்டும் வழங்குகிற உறவுப் பெயர்களாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். வெளியுலகத்துக்கு வீடு முழுவதற்கும் ஒரே எண். அதுதான் கதவு எண். மாடியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் ஒரு சேதி கேட்டால், ரௌட்டர் அதன் வீட்டுப் பெயரை அழித்துவிட்டுக் கதவு எண்ணை எழுதி அனுப்புகிறது. அனுப்புமுன் தன் குறிப்பேட்டில் "இந்தக் கேள்வி இன்னார் கேட்டது" என்று ஓர் அடையாள எண் போட்டுக்கொள்கிறது. பதில் வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பிக்கிறது. அந்தக் காலத்தில் வந்த கடிதங்களையெல்லாம் திண்ணையில் வாங்கி வைத்துக்கொண்டு, "இது உனக்கு, இது உன் பெண்டாட்டிக்கு" என்று பிரித்துக் கொடுப்பாரே தாத்தா, அவருடைய உத்தியோகம்.

இந்த ஏற்பாடு பிறந்ததும் பற்றாக்குறையிலேதான். இன்டர்நெட்டை வகுத்தவர்கள் வைத்த கதவு எண்கள் மொத்தம் 4,29,49,67,296. சுமார் 430 கோடி. அப்போது அது கடல் போலத் தோன்றியிருக்கும். இப்போது ஜனத்தொகையே 800 கோடிக்கு மேல். ஆளுக்கு ஒரு போன். எண்கள் தீர்ந்துவிடும் என்று முன்னதாகவே தெரிந்துகொண்டு 1994இல் இந்த முகவரி மாற்று முறையை எழுதி வெளியிட்டார்கள். 2011 பிப்ரவரியில் தலைமைக் கையிருப்பு நிஜமாகவே தீர்ந்துபோயிற்று. ஆனால் எந்த வீட்டிலும் விளக்கு அணையவில்லை. கோடிக்கணக்கான வீடுகள் ஒரே எண்ணுக்குப் பின்னால் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்ததுதான் காரணம். இப்போது சில கம்பெனிகள் பல வீடுகளைச் சேர்த்தே ஒரு கதவு எண்ணுக்குள் அடைத்துவிடுகின்றன. எண்ணிக்கைக்கு அடங்காத புதிய எண் வரிசை ஒன்றும் வந்து, அதை ஏற்றுக்கொண்டதில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது. ஆளுக்கு ஒரு கதவு எண் கொடுத்தாலும் மிஞ்சும். ஆனாலும் வீட்டுக்குள் வருகிற கம்பி ஒன்றுதான். அதைப் பங்கிடுகிற சங்கடம் ஒழியவில்லை.

சங்கடம் என்றால் என்ன என்பதை எங்கள் வீட்டுக்கு 2020ஆம் வருஷம் கற்றுக் கொடுத்தது.

ஊரடங்கு வந்தது. அண்ணாவின் பாத்திரக் கடை மூடிக் கிடந்தது. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவருடைய பிள்ளை லாப்டாப்போடு வந்து சேர்ந்தான். என் பெண்ணுக்கு அப்போது 14 வயசு. பள்ளிக்கூடம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. அம்மாவுக்கு இரவு பூஜை பார்க்க ஒரு டாப்லெட். போன்கள் ஆறு. எண்ணிப் பார்த்தால் ஒரு கம்பியில் பத்து வாய். அந்தக் கம்பியும் பழைய டெலிபோன் செம்புக் கம்பி. இறங்குகிற வழி 8 மெகாபிட், ஏறுகிற வழி 1 மெகாபிட் என்ற கணக்கு. இணைப்பு என் பெயரில் இருந்தது. அண்ணா மாடிக்கு வேறு வாங்குவதாகச் சொன்னார். புது இணைப்புக் கொடுக்க ஆள் வருகிற காலமில்லை. ஆகவே நானே பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டினேன். பதினொரு வருஷத்துக்குப் பிறகு இரண்டு கட்டுக்கும் பொதுவாக ஒரு சொல்!

முதல் இரண்டு வாரம் எல்லாம் வெகு சௌஜன்யமாக நடந்தது. அப்புறம் மாடியில் குரல் உடைய ஆரம்பித்தது. தினம் காலை பத்தரை மணிக்குப் பிள்ளைக்கு ஆபீஸ் கூட்டம். அவன் பேசுவது அங்கே போய்ச் சேரவில்லை. அங்கே பேசுவது இங்கே துண்டு துண்டாக வந்தது. அவனுடைய மேலதிகாரி ஒரு நாள் சிரித்தார், மறுநாள் சிரிக்கவில்லை. வேலையிலிருந்து ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்த மாதங்கள் அவை. மாடியில் அண்ணியின் முகம் வாடிப்போயிற்று.

குற்றவாளி யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டு விளையாடுகிற ஜீவன் ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் அண்ணா முற்றத்தில் நின்றுகொண்டு, மிகவும் மெதுவாகத்தான், "ஏம்மா, அண்ணன் பேசுகிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் விளையாட்டை நிறுத்தி வைக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"நான் விளையாடவில்லை, பெரியப்பா. கிளாஸில் இருந்தேன்" என்றாள் பெண்.

"சரிம்மா, சரி" என்று போய்விட்டார். அந்த இரண்டாவது "சரி"யில்தான் விஷயம் இருந்தது. என் மனைவி சமையலறைக் கதவண்டை நின்று அதைக் கேட்டாள். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் மோட்டார் சண்டைக் காலத்துக் குரலில் பேசின.

பெண் அழவில்லை. ஒரு பழைய கோடு போட்ட நோட்டை எடுத்தாள். தேதி, நேரம், அந்த நேரத்தில் யார் யாருடைய கருவி இயங்கிற்று, மாடியில் குரல் உடைந்ததா இல்லையா என்று நாலு பத்தி போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் தன் கம்ப்யூட்டரை அடியோடு அணைத்துவிட்டாள். அந்தப் பாடங்களைப் பிறகு சிநேகிதியிடம் கேட்டுக்கொண்டாள். அந்த இரண்டு நாளும் பத்தரைக்குக் குரல் உடைந்தது. பள்ளி இல்லாத சனிக்கிழமையும் உடைந்தது. மாலையில், எல்லோரும் ஒரே சமயத்தில் சினிமாப் பார்க்கும்போதோ, அவ்வளவு மோசமில்லை. பத்தேகாலிலிருந்து பகல் சாப்பாடு வரைக்குந்தான் கோளாறு. அந்த நேரத்தில் வீட்டில் நடக்கிற ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தவள், ஒரு நாள் மாடிக்குப் போய், "பெரியப்பா, நாளை ஒரு நாள் மட்டும் உங்கள் போனைப் பத்தேகாலுக்குப் பதிலாகப் பன்னிரண்டு மணிக்குச் சார்ஜ் போடுகிறீர்களா?" என்று கேட்டாள்.

அண்ணாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சரியென்றார். மறுநாள் பத்தரை மணிக் கூட்டத்தில் பிள்ளையின் குரல் மணி மணியாகப் போயிற்று. பன்னிரண்டு அடித்தது, வீடு முழுக்க நெட் மூச்சுத் திணறிற்று.

கடை மூடியிருந்த நாட்களில் அண்ணா வேறு வேலையில்லாமல் முற்றத்துக்கு வருகிற குருவிகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அசையும் படங்கள், தினம் ஒரு ஜி.பி. அளவுக்குச் சேரும். குளித்துப் பூஜை முடித்து, பத்தேகாலுக்குப் போனைச் சார்ஜில் போடுவார். சார்ஜில் இருக்கும்போது மட்டும் படங்களையெல்லாம் வெளியூர்ச் சேமிப்புக் கிடங்குக்கு அனுப்பி வைக்கும்படி, போன் வாங்கிய அன்றைக்கே யாரோ அமைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு ஜி.பி. என்றால் 8,000 மெகாபிட். வினாடிக்கு 1 மெகாபிட் ஏறுகிற வழியில் அது ஏறி முடிய 8,000 வினாடி. அதாவது இரண்டு மணி பதின்மூன்று நிமிஷம்.

ஏறுகிற வழி அடைத்தால் இறங்குகிற வழி ஏன் திணற வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றிற்று. இந்த உலகத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டால், "வந்து சேர்ந்தது" என்று அவ்வப்போது ரசீது அனுப்ப வேண்டும். ரசீது போனால்தான் அடுத்தது வரும். குருவிகள் மூட்டை மூட்டையாக வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சின்ன ரசீதும், பிள்ளையின் குரலும் அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. மோடத்தில் இரண்டரை லட்சம் பைட் தேங்குகிற இடம் இருந்தால், 1 மெகாபிட் வழியில் அது காலியாவதற்கு 2 வினாடி ஆகும். மனிதப் பேச்சோ கால் வினாடித் தாமதத்தைக்கூடப் பொறுக்காது. தபாலாபீசில் நூறு ரிஜிஸ்டர் கட்டோடு ஒருவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டால், ஒரு ஸ்டாம்பு வாங்க வந்தவர் கதி என்ன? அதே கதி.

அமெரிக்காவில் ஜிம் கெட்டிஸ் என்ற நிபுணர் தம் சொந்த வீட்டு இணைப்பு ஏன் மந்தமாகிறது என்று குடைந்து, 2010 வாக்கில் இந்த நோயைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார். அதிகமாகத் தேக்கி வைக்கிற பெருந்தன்மையே கேடு என்பது அவர் கண்டது. ஒன்றையும் இழக்கக் கூடாது என்று பெட்டி செய்கிறவர்கள் தேக்கிடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். வரிசை நீண்டுகொண்டே போயிற்று. இதற்கு மருந்தும் வந்திருக்கிறது. 2018இல் முறைப்படி வெளியிடப்பட்ட ஒரு விதிப்படி, நல்ல ரௌட்டர்கள் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, மூட்டைக்காரரைச் சற்று நிறுத்தி, ஒன்றோ இரண்டோ கொண்டு வந்தவரை முதலில் அனுப்பிவிடுகின்றன. மூட்டைக்காரருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. ஸ்டாம்பு வாங்க வந்தவருக்கோ பிழைப்பே அதில் இருக்கிறது.

அண்ணா கீழே இறங்கி வந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். முப்பது வருஷம் கடைக் கணக்கு எழுதியவர். "பேரேடு தோற்றது, போ!" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் கேட்கும்படியாக, "குழந்தைமேல் ஒரு தப்பும் இல்லை. எல்லாம் என் குருவிகள் செய்த வேலை" என்றார். அன்று முதல் போனை இரவு படுக்கப் போகும்போது சார்ஜில் போட்டார். பாத்திரங்கள் மௌனமாயின. என் பெண் அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

ஆனால் ஒரு தரம் பயந்துபோன வீடு, மறுபடி சட்டம் பேசத்தான் செய்யும். அண்ணாவின் பிள்ளை ஒரு யோசனை சொன்னான். "சித்தப்பா, ரௌட்டரில் ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று பிரித்து வைத்துவிடலாம். யாரும் யாரையும் தொந்தரவு செய்ய முடியாது." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. செய்தும் பார்த்தோம். எட்டு மெகாபிட்டைப் பத்துக் கருவிக்குச் சமமாகப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 0.8. நடுநிசியில் அவன் ஒருவன் மட்டும் விழித்திருந்து வேலை செய்தாலும் 0.8தான், மீதி 7.2ஐ யாரும் அனுபவிக்கவில்லை. அது காற்றோடு போயிற்று. மூன்றாம் நாள் அவனே அதை எடுத்துவிட்டான்.

பழைய டெலிபோன் ஏற்பாடு இப்படித்தான் இருந்தது. இருவர் பேசத் தொடங்கினால் நடுவிலுள்ள வழி முழுவதும் அவர்களுக்கே சாசனம். அவர்கள் கோபித்துக்கொண்டு மௌனமாக இருந்தாலும் வழியை வேறொருவர் தொட முடியாது. அறுபதுகளில் அமெரிக்காவில் பால் பாரன், இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் ஆகிய இருவரும் தனித்தனியாக வேறு விதமாக யோசித்தார்கள். சேதியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, வழி காலியாக இருக்கும்போது யாருடைய பொட்டலம் வந்தாலும் அனுப்பிவிடலாம் என்றார்கள். இன்றைய இன்டர்நெட்டின் அஸ்திவாரம் இதுதான். வழியில் ஒருவருக்கும் சொந்தப் பங்கு கிடையாது. வழி முழுவதும் எல்லோருக்கும் சொந்தம். ஒருவர் சும்மா இருக்கிற நேரம் மற்றவருக்கு லாபம். கிணற்றிலும் இப்படித்தானே? பாதிக் கிணறு உன்னது என்று பத்திரம் சொல்லலாம். எந்த வீட்டிலாவது குடத்தை எண்ணி இறைத்ததுண்டா? எண்ணத் தொடங்கிய வீட்டில் தண்ணீர் போதாமல்தான் போயிருக்கிறது.

வைஃபைக்கு இன்னும் ஓர் ஒழுக்கம் உண்டு. கம்பியில்லாமல் ஆகாயத்தில் பேசுகிற கருவிகள், பேசுமுன் காது கொடுத்துக் கேட்கின்றன. வேறொன்று பேசிக்கொண்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கின்றன. அது முடிந்ததும் எல்லாம் ஒரேயடியாகப் பாய்ந்துவிடக் கூடாது என்று, ஒவ்வொன்றும் தனக்குள் சீட்டுப் போட்டுப் பார்த்து, அந்தச் சில நொடித் துளிகள் பொறுத்துப் பிறகு பேசுகிறது. ஒரே சமயத்தில் இரண்டு பேசிவிட்டால் இரண்டும் பின்வாங்கி, முன்னைவிட அதிக நேரம் காத்திருக்கின்றன. கல்யாண வீட்டுப் பந்தலில் சம்பந்திகளுக்கு இந்த விதியை யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை.

எங்கள் அம்மாவின் அறை கொல்லைப்புறம். நடுவில் மூன்று சுண்ணாம்புச் சுவர்கள். அவ்வளவு தூரம் கேட்க வேண்டுமென்றால் டாப்லெட் மெதுவாகத்தான் பேச வேண்டும். அது மெதுவாகப் பேசி முடிக்கும்வரை மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டும். வேகமான கருவி வைத்திருப்பவனும் அந்த நேரத்துக்கு மந்தமாகிவிடுகிறான். "பாட்டி பூஜை பார்ப்பதை நிறுத்தினால் சரியாகிவிடும்" என்று பேரன் விளையாட்டாகச் சொன்னான். அம்மா பூஜையை நிறுத்தவில்லை. முற்றத்தின் ஓரமாக ஒரு கம்பியை இழுத்து, அவள் அறைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி வைத்தோம். அம்மாவின் டாப்லெட்டும் வேகமாயிற்று. அதனால் எங்கள் எல்லோருடையதும் வேகமாயிற்று. கடைசியில் நிற்கிறவரைத் தூக்கிவிடுவதுதான் எல்லோருக்கும் லாபம் என்று அரசியல்வாதிகள் மேடையில் சொல்லும்போது நான் அவ்வளவாக நம்பியதில்லை, அன்று நம்பினேன்.

அந்த வருஷத்திலேயே இன்னொன்றும் நடந்தது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளின் பெண் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பாடங்களை வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். போன் ஒன்று இரவல் கிடைத்துவிட்டது. ரீசார்ஜ் செய்யத்தான் காசில்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாடத்தை இறக்கிக்கொள்ளலாமா என்று அந்த அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். பொதுப் பாத்தியமுள்ள வஸ்துவை ஒரு பாகஸ்தன் தனியாகத் தானம் செய்ய முடியாது. மாடியில் கேட்டேன். மறுப்பில்லை, ஆனால் பாஸ்வேர்டு ஊர் சுற்றிவிடுமே, வேறு யாராவது ஏதாவது செய்தால் வம்பு நமக்கல்லவா வரும் என்ற பயம். அதுவும் நியாயமான பயந்தான். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள்.

பேச்சு நீண்டுகொண்டே போனபோது அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "உங்கள் பாட்டி காலத்தில் இந்தக் கிணற்றை யார் யார் தொடக் கூடாது என்று ஒரு ஜாபிதா இருந்தது. அந்தப் பாவத்தை நான் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதற்கும் ஒரு ஜாபிதா எழுதாதீர்கள்" என்றாள். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

வழியைக் காட்டியது யந்திரமேதான். விருந்தினருக்கென்று தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் உள்ள ஒரு வலையை ரௌட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம். அதில் சேர்ந்தவர் வெளியுலகத்துக்குப் போய் வரலாம். வீட்டுக் கருவிகள் அவர் கண்ணுக்குத் தெரியா. நம் முன்னோர் வீட்டுக்கு வெளியே திண்ணை என்று ஒன்று கட்டி வைத்தார்களே, அதுதான். அந்தப் பெண் இரண்டு வருஷம் அங்கே உட்கார்ந்து படித்தாள். அவள் இறக்கிக்கொண்ட பாடங்கள் ஒரு நாளைக்கு அண்ணாவின் இரண்டு குருவிக்குக்கூடக் காணாது. எங்களுக்கு ஒரு குடம் தண்ணீர் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

2022இல் எங்கள் தெருவுக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்தது. ஏறுவதும் இறங்குவதும் 100 மெகாபிட். குருவிகளெல்லாம் ஒன்றரை நிமிஷத்துக்குள் பறந்துவிடும். பிள்ளை பெங்களூருக்குத் திரும்பிவிட்டான்; என் பெண் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறாள். எல்லோருக்கும் வேண்டிய மட்டும் இருக்கிறது. இப்போது யாரும் முற்றத்தில் நின்று, "நான் அரை மணி நேரம் பேசப் போகிறேன், பெரிதாக ஒன்றும் இறக்காதீர்கள்" என்று குரல் கொடுப்பதில்லை. "சரி, நீ பேசு" என்று மாடியிலிருந்து பதில் வருவதும் இல்லை. பற்றாக்குறை நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அதில் வேலை போகப் பார்த்த பிள்ளையையும், பாடத்தை விட்டுக்கொடுத்த பெண்ணையும் கண்ணால் பார்த்தவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் நிறைவு வந்தபோது சண்டையோடு சேர்ந்து இந்தக் குரலும் போயிற்று என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

புதுக் கம்பி வந்த சமயம், "மாடிக்குத் தனியாக ஒன்று போட்டுக்கொள்ளுங்களேன் அப்பா, பெரிய செலவில்லை" என்று பிள்ளை பெங்களூரிலிருந்து சொன்னான். அண்ணா, "எதற்கடா வீணாக இரண்டு பில்?" என்று தட்டிவிட்டார். ஒற்றைப்படை மாதம் நான் கட்டுகிறேன், இரட்டைப்படை மாதம் அவர் கட்டுகிறார். பணம் கட்டியாயிற்றா என்று கேட்க ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் கீழே இறங்கி வருவார். போனில் கேட்டால் அரை நிமிஷத்துக் காரியம். வந்தால் ஒரு காப்பி சாப்பிட்டு, அப்பா படத்துக்குக் கீழே மினுக்குகிற பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்.